பழைய சேலைக்கு ஒரு பாக்கெட்

வெயிலைத் திட்டாத ஆளுங்க எங்க ஊர்ல மூணே பேருதான்: இளநி வெட்டறவரு, ஐஸ் விக்கறவரு, பழைய பருத்தித் துணியில நைட்டி தெக்கற நானு. மத்தவங்கல்லாம் "இன்னா வெயிலு, மண்டையப் பொளக்குது"ன்னு முந்தானையால விசிறிக்கினு வரும்போது எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் வரும். ஏசுவே மன்னிச்சிடுன்னு சொல்லிக்கினேதான் சந்தோஷப்படுவேன்.

கையில கத்திரியும் கால்ல மெஷினுமா காலத்தை ஓட்டற அக்கா தங்கச்சிங்களே, அண்ணன் தம்பிங்களே, இது உங்களுக்குத்தான். கழுத்தைத் தப்பா வெட்டிட்டு, அதை மறைக்க ஒரு லேஸை வெச்சித் தெச்சிட்டு, "இது புது மாடலு"ன்னு பொய் சொன்ன பாவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு நெறைய இருக்குது.

நான் காக்களூர்ல ஒரு ரெடிமேட் கம்பெனியில பதினோரு வருஷம் வேலை பாத்தேன். மாசி மாசம் வேலைய வுட்டுட்டு, புதுவாயல் கூட்டு ரோட்டுல ஒரு டயர் கடைக்கும் ஒரு கறிக் கடைக்கும் நடுவுல ஒத்தை ஷட்டர் ரூம் ஒண்ணு புடிச்சி உக்காந்தேன். உங்க ஊட்டுல கெடக்கற பருத்திச் சேலை, வேட்டி, படுக்கை விரிப்பு எதைக் கொண்டாந்து குடுத்தாலும் வெயிலுக்கு ஆவறாப்பல நைட்டியோ, சட்டையோ, தொப்பியோ, பையோ தெச்சித் தருவேன். இதான் தொழிலு.

எங்க ஊட்டுக்காரரு டேவிட்டு. அத்திப்பட்டுல கான்ட்ராக்ட் வேலை. அதிகம் பேச மாட்டாரு. கடைன்னதும் வேணாம்னு சொல்லல, ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. "வெயில் அடிக்கறவரைக்கும் எவ வேணா காட்டன் கேப்பா ரோசி. வெயில் எறங்கனப்புறம்தான் கடை நிக்குமா நிக்காதான்னு தெரியும். ஆனி மாசம் கடைசி சனிக்கெழம அன்னிக்கி, அடுத்த ஒரு மாசத்துக்கு உங்கையில வேலை இருந்தா கடை. இல்லன்னா மறுபடியும் கம்பெனி." ஞாயமான பேச்சு, என்னால ஒண்ணும் சொல்ல முடியல. கம்பெனி சூப்பர்வைசர் லலிதா மேடமும் அதுவரைக்கும் என் எடத்துக்கு ஆள் போடாம வெக்கிறேன்னுட்டாங்க. அந்த வெயில் காலம் பூரா ஒரு காலு கடையிலயும் ஒரு காலு கம்பெனி பஸ் படியிலயுமா நான் நின்ன கதைதான் இது.

*தலை போவாத நைட்டி*

ஒரு ரகசியத்தை மொதல்ல சொல்லிடறேன். கம்பெனியில யாரும் ஒரு முழுத் துணி தெக்க மாட்டாங்க. ஒருத்தி காலர் வெப்பா, ஒருத்தி கை வெப்பா, ஒருத்தி காஜா போடுவா. நான் பாக்கெட்டு. ஆம்பளைங்க சட்டையில இடது மாருல இருக்குதே ஒரு பாக்கெட்டு, அதை மட்டும் பதினோரு வருஷம் வெச்சேன். கண்ணை மூடிக்கினு வெப்பேன். மத்தது எதுவும் கைப்பட தெச்சது கெடையாது. இதை டேவிட்டுகிட்டகூட நான் சொல்லல. அவரு பாட்டுக்கு "எங்க ஊட்டுல டெய்லரு"ன்னு ஊரு பூரா பெருமையா சொல்லிக்கினு இருந்தாரு.

மொதல் கஸ்டமரு அமுதாக்கா. கூட்டு ரோட்டுல இட்லிக் கடை வெச்சிருக்கறவங்க. ஒரு பழைய சுங்குடிச் சேலையக் குடுத்து, "அடுப்பாண்ட நின்னா உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துதுடி, லொடலொடன்னு ஒரு நைட்டி தெச்சிக் குடு"ன்னாங்க. நான் சேலைய வெட்டி, மொத வேலையா இன்னா பண்ணேன் தெரியுமா? பாக்கெட்ட வெச்சேன். பக்கத்தை மூட்டல, கழுத்தைத் திருப்பல, கை இல்ல. நடுவுல ஒரு பாக்கெட்டு மட்டும் அம்சமா உக்காந்துக்கினு இருந்துச்சு. கை தானா போயி வெச்சிட்டுது.

அப்புறம் எப்படியோ ஒப்பேத்தி ரெண்டு நாள்ல குடுத்துட்டேன். அக்கா ரூமுக்குப் பின்னாடி தடுப்புல நின்னு போட்டுப் பாத்தாங்க. ரொம்ப நேரமா வெளியவே வரல. எட்டிப் பாத்தா ரெண்டு கையும் வெளிய வந்துட்டுது, தலை மட்டும் உள்ளியே நிக்குது. கழுத்தை நான் அவ்ளோ சின்னதா வெட்டி வெச்சிருக்கறேன். எனக்கு உசுரே போச்சு. "அக்கா, கழட்டுங்க, கொஞ்சம் வெட்டித் தரேன்"ன்னு கெஞ்சறேன். அவங்க கை மட்டும் மெதுவாத் தடவிக்கினு போயி பாக்கெட்டைக் கண்டுபுடிச்சிது. கையில இருந்த போனை உள்ள போட்டுது, சாவிய உள்ள போட்டுது, ரெண்டு தட்டு தட்டிப் பாத்துது. துணிக்குள்ளருந்து கொரலு வருது: "தலை அப்புறமா போவட்டும்டி. ஜோபு சூப்பரா கீது."

*மாஸ்டர் முதுகு*

அன்னிலருந்து பாக்கெட் இல்லாத நைட்டி என் கடையில கெடையாது. அமுதாக்கா இட்லி கட்டிக் குடுத்துக்கினே பாக்கெட்லருந்து சில்லறை எடுக்கறதைப் பாத்துட்டு கம்பெனிக்குப் போற பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. கழுத்தும் எனக்குக் கைவந்துது. எத்தினி சேலை வீணாச்சின்னு கேக்காதீங்க, எல்லாம் என்னோட சேலைங்கதான்.

சித்திரையில ஹைவே ஓட்டல் புரோட்டா மாஸ்டர் வந்தாரு. அவங்களுக்கு மைதா சில சமயம் துணி மூட்டையில வரும். நல்ல கெட்டிப் பருத்தி. அதைத் தோய்ச்சி நாலஞ்சி எடுத்தாந்து, "கல்லு முன்னாடி நிக்க முடியலம்மா, இதுல கையில்லாத பனியன் மாதிரி தெச்சிக் குடு"ன்னாரு. அந்த மூட்டையில அச்சடிச்சிருக்கற எழுத்து இருக்குது பாருங்க, அதுக்குச் சாவே கெடையாது. சோப்பு போட்டு ஊற வெச்சேன், மண்ணெண்ணெ போட்டுத் தேச்சேன், வெயில்ல காயப் போட்டேன். கம்பெனி பேரு போச்சி, எடை போச்சி, படம் போச்சி. ஒரு வரி மட்டும் போவமாட்டேன்னு நின்னுட்டுது. அந்த வரி சரியா மாஸ்டர் முதுகு நடுவுல வந்து உக்காந்துது: "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்."

கொதிக்கற கல்லு முன்னாடி வேர்வையில நனைஞ்சிக்கினு நிக்கற மனுசன் முதுகுல இதை எழுதி அனுப்பினா நல்லாவா இருக்கும்? எனக்கே வெக்கமாப் போச்சி. குடுத்து அனுப்பின மறுநாளு ஓட்டலுக்கே போயி, "குடுங்க மாஸ்டர், மேல ஒரு துண்டுத் துணி வெச்சி மறைச்சித் தரேன்"ன்னேன். அவரு மாவைத் தட்டிக்கினே, கல்லாவுல உக்காந்திருந்த மொதலாளி பக்கம் முதுகு நல்லா தெரியறாப்பல திரும்பி நின்னாரு. "மறைக்காதம்மா. இந்த மூலைக்கி ஒரு ஃபேன் கேட்டு மூணு வருஷமாச்சி. நான் கேட்டாத்தான் காதுல வுழல, அவரே படிச்சிக்கட்டும்."

*நேரும் கோணலும்*

ஒரு நாள் கடை வாசல்ல காரு வந்து நின்னுது. எங்க கிராமத்துல நெலம் நீச்சுன்னு பெருசா இருக்கற ஊட்டம்மா. நாங்க பெரியூட்டம்மான்னுதான் சொல்லுவோம். டிரைவரு கையில ஒரு கட்டு வேட்டி. நல்ல நைஸ் நூலு, தோய்ச்சித் தோய்ச்சி பூ மாதிரி ஆயிருக்குது. அவங்க ஊட்டு ஐயாவுக்கு வேர்க்குரு, அரைக்கை ஜிப்பா வேணுமாம். உள்ள வரலாமா வேணாமான்னு படியில கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் ஃபேனு உள்ளதான் ஓடுதுன்னு தெரிஞ்சதும் வந்து உக்காந்தாங்க. வெயிலுக்கு இப்படி ஒரு நல்ல குணம் இருக்குது.

"நீ யாரு பொண்ணு?"ன்னாங்க. "எஸ்தர் பொண்ணும்மா"ன்னேன். எங்கம்மா அவங்க கயனியில வருஷக்கணக்கா நாத்து நட்டவங்க. அந்தம்மா மேஜை மேல கெடந்த ஒரு சட்டைய எடுத்து, தையலை இழுத்துப் பாத்து, வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து, "பரவால்லியே, நேராத் தெக்கிற. ஒங்கம்மா நட்டா வரிசை கோணலாத்தான் இருக்கும்"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுது. வாயில வந்ததை முழுங்கிக்கினேன். வேலை வேணுமே. வேலை வேணும்னா காது ரெண்டையும் கழட்டி ஆணியில மாட்டணும்னு கம்பெனியிலயே படிச்சிக்கினவதான் நானு.

ஜிப்பா நல்லா வந்துது. நாலு தெச்சேன், நாலுக்கும் பாக்கெட்டு. அந்தம்மா சொந்தக்காரங்களுக்கும் சொல்லி அனுப்பினாங்க, அதையும் சொல்லணும். ஆனா அந்தப் பேச்சு மட்டும் மனசுல முள்ளாட்டம் கெடந்துது. ஞாயித்துக்கெழம எங்கம்மாவாண்ட சொல்லிப் பொலம்பினேன். அவங்க மீனைக் கழுவிக்கினே இருந்தாங்க, தலைய நிமிர்த்தவே இல்ல. "அந்தம்மா வரப்பு மேல கோணலா நின்னுக்கினு பாத்தா, நேரா நட்டதுகூட கோணலாத்தான் தெரியும். நீ மீனை அரி."

*அமாவாசை வியாபாரம்*

வைகாசி பொறந்துது. நைட்டி வந்துக்கினு இருந்துச்சு, ஆனா எல்லாமே இன்னிக்கிக் குடுத்து நாளைக்கி வாங்கற வேலை. ஆனி கடைசிக்கு இது பத்தாதுன்னு எனக்குத் தெரியும். கூட்டம் இருக்கற எடத்துக்குக் கடைய எடுத்துக்கினு போனா இன்னான்னு ஒரு யோசனை வந்துது. திருவள்ளூர்ல அமாவாசைன்னா கோயில் குளத்தாண்ட அவ்ளோ ஜனம் வரும்னு கம்பெனிக்குப் போற நாள்ல பஸ்லருந்து பாத்திருக்கறேன். எதுக்கு வராங்கன்னு நான் யோசிக்கல. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எனக்குக் கூட்டம்தான் தெரிஞ்சிது.

வெடியக்காலையில மொத பஸ்ஸைப் புடிச்சேன். ஒரு பெட்சீட்டை விரிச்சி தொப்பி, கைப்பை, கொழந்தைங்க சட்டைன்னு அழகா அடுக்கினேன். அட்டையில பெருசா ஒரு போர்டு: "பழைய துணியில் புது உடை." ஜனம்னா ஜனம், தள்ளிக்கினு போவுது. ஒருத்தர்கூட என்னாண்ட வரல. வரலன்னா பரவால்ல, போர்டைப் படிச்சிட்டு ரெண்டடி சுத்திக்கினு போறாங்க. ஒரு அம்மா மட்டும் குனிஞ்சி ஒரு பையத் தூக்கினாங்க. "யார் துணிம்மா இது? இருக்கறவங்களுதா, போனவங்களுதா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பையில ஏழெட்டு ஊட்டுத் துணி இருக்குது, நான் எங்க கண்டேன். நான் முழிச்ச முழியைப் பாத்துட்டு பையக் கீழ வெச்சிட்டு அவங்க கைய ஒதறிக்கினாங்க.

பக்கத்துல அகத்திக்கீரை வித்துக்கினு இருந்த பொம்பளைக்கு வியாபாரம் அள்ளிக்கினு போவுது. மத்தியானம் ஆனதும் மிச்சக் கீரைய ஓரம் கட்டிட்டு, டீயில எனக்கும் பாதி ஊத்திக் குடுத்தா. போர்டை ஒருவாட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சா. "இன்னிக்கி இங்க வர்ற அத்தினி பேரும் செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்குத் தர்ப்பணம் குடுக்க வர்றவங்க யக்கா. அவங்க துணிய தெச்சி அவங்களுக்கே விக்கலாம்னு வந்துகினியா?"

*பூப் போட்ட குல்லா*

எங்க ஊட்டுக்காரரு வேலை செய்யற எடத்துல ஹெல்மெட் இல்லாம உள்ள வுட மாட்டாங்க. வெயில்ல அந்த ஹெல்மெட்டு அடுப்புல வெச்ச சட்டிதான். வேர்வை கண்ணுல எறங்கும், தலை பூரா கொப்புளம். சில பேரு துண்டை மடிச்சி உள்ள வெப்பாங்க, அது நழுவும். நான் என்னோட ஒரு பழைய மெல்லிசு வாயில் சேலைய ரெண்டு மடிப்பா வெச்சி, தலைய ஒட்டனாப்பல ஒரு குல்லா தெச்சிக் குடுத்தேன். ரோஸ் கலரு, அதுல வெள்ளைப் பூவு. டேவிட்டு அதைக் கையில வெச்சிக்கினு என் மூஞ்சியப் பாத்தாரு, குல்லாயப் பாத்தாரு. ஹெல்மெட்டுக்குள்ளதான இருக்கப் போவுது, யாரு பாக்கப் போறாங்கன்னு அனுப்பி வெச்சேன்.

சாப்பாட்டு நேரத்துல ஹெல்மெட்டைக் கழட்டித்தான ஆவணும். அவரு சாப்புடற எடத்துல ஒரு வாரம் ஒரே சிரிப்பாம். "டேவிட்டண்ணே, காதுல கம்மல் எங்கண்ணே?"ன்னு கேக்கறாங்களாம். இவரு பேசாம சாப்ட்டுட்டு, கையக் கழுவிட்டு, மறுபடியும் அதையே போட்டுக்கினு போயிருக்காரு. கவரப்பேட்டையில ரயில் எறங்கி ஊட்டுக்கு வந்ததும் தோய்ச்சி தானே காயப் போடுவாரு. எனக்கு மனசு கேக்கல. "வெள்ளையில வேற தெச்சித் தரட்டா?"ன்னேன். "வேணாம், இதே போதும்"ன்னாரு.

ரெண்டாவது வாரம் அவரோட வேலை செய்யற முருகேசன் கடைக்கே வந்துட்டாரு. சிரிச்சவங்கள்ல மொத ஆளு அவருதானாம். அவருக்கும் ஒரு குல்லா வேணுமாம். வெள்ளை வேட்டித் துணிய எடுத்துக் காட்டினேன். தலைய ஆட்டி வேணாம்னாரு. ஒரு பையிலருந்து பச்சையில மாங்கா போட்ட சேலை ஒண்ணை எடுத்து மேஜை மேல வெச்சாரு. "எம்பொண்டாட்டிது. வெள்ளைன்னா எவனுதுன்னு தெரியாம எவனாச்சும் மாட்டிக்கினு பூடறான் அண்ணி. இதுன்னா எவனும் தொடமாட்டான்."

*சேப்பு*

அவரவரு பொண்டாட்டி சேலையக் கொண்டாந்து குவிச்சாங்க. அத்திப்பட்டுல அந்த ஷெட்டுல சாப்பாட்டு நேரம்னா பூந்தோட்டம்தான். அவங்க கான்ட்ராக்டரு டேவிட்டாண்ட, "நம்ம எல்லா ஷெட்டு ஆளுங்களுக்கும் உங்க ஊட்டுல இதே மாதிரி தெப்பாங்களா, கேளு. மொதல்ல எட்டு பேருக்கு ஒரே கலர்ல குடுங்க, பாத்துட்டு சொல்றேன்"ன்னு சொல்லி அனுப்பினாரு. எனக்குத் தரையில காலு பாவல. எல்லா ஷெட்டுக்கும்னா ஆனி இன்னா, ஐப்பசிவரைக்கும் வேலை. கம்பெனி பஸ் படியிலருந்து அந்த ஒரு காலை எடுத்தே புட்டேன்.

ஒரே கலரு எட்டு பேருக்கு எங்க போறது? முருகேசன் பொண்டாட்டி வருஷா வருஷம் அம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கறவங்க. அவங்ககிட்டயும் அவங்க தெரு பொம்பளைங்ககிட்டயும் சேப்பு சேலை நெறைய இருந்துச்சு, நல்ல பருத்தி. "அம்மன் சேலை தலைமேல இருந்தா நல்லதுதான் ரோசி"ன்னு அவங்களே குடுத்தாங்க. நான் ஒரே நாள்ல எட்டையும் தெச்சி அனுப்பினேன். உப்புத் தண்ணியில ஊற வெச்சி சாயத்தை எறக்கணும்னு உங்களுக்குத் தெரியும், எங்கம்மாவுக்குத் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். கம்பெனியில சாயம் போவுமா போவாதான்னு பாக்கறது வேற டிபார்ட்மென்டு. நமக்குப் பாக்கெட்டுதான? அந்தப் புத்தி அப்படியே இருந்துட்டுது.

பதினோரு மணி இருக்குமாம். சேஃப்டி ஆபீசரு ரவுண்டு வந்திருக்காரு. எட்டு பேரு வரிசையா வேலை செய்யறாங்க, எட்டு பேரு நெத்தியிலருந்தும் சேப்பா வழிஞ்சி காதோரம் எறங்கி சட்டையில சொட்டுது. மனுசன் அலறிட்டாரு. வேலைய நிறுத்தி, எல்லாரையும் கீழ உக்கார வெச்சி, முதலுதவிப் பெட்டிய எடுத்தார ஆளை ஓட வுட்டு, மேலருந்து இன்னா வுழுந்துதுன்னு அண்ணாந்து அண்ணாந்து பாக்கறாராம். முருகேசன்தான் மெதுவா ஹெல்மெட்டைக் கழட்டி, "சார், இது ரத்தம் இல்ல, எங்க ஊட்டு சேலை"ன்னு காட்டியிருக்காரு. சாயங்காலம் டேவிட்டு வந்து இதைச் சொன்னப்ப நான் தலையில கைய வெச்சிக்கினு உக்காந்துட்டேன். "அந்த சாரு இன்னாதான் சொன்னாரு?"ன்னேன். டேவிட்டு அவரு சொன்னதை அப்படியே சொன்னாரு: "ரத்தமா இருந்தா அதுக்கு ஒரு ஃபாரம் கீதுய்யா, எழுதிப்புடுவேன். சேலைச் சாயத்துக்கு நான் எந்த ஃபாரத்துல எழுதறது?"

*ஆறு பேருக்கு ரெண்டு சட்டை*

அதோட குல்லா ஆர்டரு போச்சி. கான்ட்ராக்டரு போனை எடுக்கல. நான் ஒரு வாரம் யார்கிட்டயும் சரியாப் பேசல. கறிக் கடை அண்ணன், "இன்னாம்மா, மெஷினு சத்தமே காணோம்?"ன்னு கேட்டதுக்கு வள்ளுன்னு வுழுந்துட்டேன்.

அந்த வாரத்துல என்னைச் சிரிக்க வெச்சது பிஜய்தான். கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்புக் கம்பெனியில வேலை செய்யற ஒடிசாக்காரரு. வந்து ரெண்டு வருஷம் ஆவுது, நம்ம பாஷை நல்லாவே பேசுவாரு. கட்டம் போட்ட துண்டு நாலு எடுத்தாந்து, ரெண்டு சட்டை வேணும்னாரு. கூடவே அஞ்சி பேரு. அளவு எடுக்க டேப்பை எடுத்தா ஆறு பேரும் வரிசையா நிக்கறாங்க. "யாருக்கு சட்டை?"ன்னேன். எல்லாருக்கும்தானாம். ஒருத்தரு பனைமரம், ஒருத்தரு உரலு, ஒருத்தரு ஒடம்புல மூச்சு மட்டும்தான் இருக்குது. ஒரே சட்டை ஆறு பேருக்கும் சேரணும்னா நான் எந்த மாருக்கு வெட்டறது? உரலுக்கு மாரு, பனைமரத்துக்கு நீளம்னு எடுத்துக்கினு, "ஆறு பேரும் ஒரே நாள்ல வெளிய கெளம்பினா இன்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். ஆறு பேருக்கும் அது ஒரு பெரிய கேள்வியாவே தெரியல. பிஜய்தான் சொன்னாரு: "ஒரே நாள் எங்களுக்கு லீவு குடுக்க மாட்டாங்க அக்கா. யாருக்கு லீவோ, அவனுக்கு சட்டை."

*ஆனி கடைசி சனிக்கெழம*

அன்னிக்கிக் காலையிலருந்தே மூட்டமா இருந்துச்சு, மத்தியானம் மழை புடிச்சிக்கிச்சு. ஊரே "அப்பாடா"ன்னு சொல்லுது. நான் வெறிச்சோடன கடையில உக்காந்துக்கினு வாசல்ல தண்ணி ஓடறதைப் பாத்துக்கினு இருக்கறேன். வாங்கிக்கினு போவ வேண்டிய நைட்டி எல்லாம் வாங்கிக்கினு போயிட்டாங்க. மேஜை காலி. எனக்கு அழுகை வந்துது, அழுதேன். அப்புறம் மூஞ்சியக் கழுவிக்கினு மெஷினுக்கு உறையப் போட்டு மூடினேன். கண்டிசனு கண்டிசன்தான். பாவம், அந்த மனுசன் பூப் போட்ட குல்லாயோட எனக்காக அத்தினி பேச்சு வாங்கினாரு, அவர்கிட்டப் போயி இன்னும் ஒரு மாசம்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?

மூணு மணிக்கு லலிதா மேடமே நேர்ல வந்துட்டாங்க, பதிலைக் கேட்டுக்கினு போவ. குடைய மடக்கி வாசல்ல சாய்ச்சாங்க. நான் எழுந்து நின்னேன், பழக்கம். "வர்றேன் மேடம், திங்கக்கெழமையிலருந்து"ன்னேன். அவங்க என் மூஞ்சியப் பாக்கல. கம்பெனியில மெஷினுங்க வரிசையா இருக்கற லைன்ல ரவுண்டு வரும்போதும் அவங்க யார் மூஞ்சியையும் பாக்க மாட்டாங்க, நேரா குனிஞ்சி மெஷினுக்குக் கீழதான் பாப்பாங்க. தெக்காம தேங்கிப்போன கட்டு எவகிட்ட கெடக்குதுன்னு. அதுக்குப் பேரு பெண்டிங்கு. அது கண்ணுல பட்டா அன்னிக்கி அவ்ளோதான், லைனே கேக்கறாப்பல திட்டு வுழும். அதே மாதிரி குனிஞ்சி என் வெட்டற மேஜைக்குக் கீழ பாத்தாங்க. "இன்னாடி இதெல்லாம்?"ன்னாங்க.

"அது ஒண்ணுமில்ல மேடம், சொம்மா பழைய துணிங்க"ன்னேன். நெசமாவே எனக்கு அப்படித்தான் தோணுச்சு. வைகாசி கடைசியிலருந்து வர்றவங்க போறவங்க ஆளுக்கு ஒரு பைய நீட்டுவாங்க. "அவசரம் ஒண்ணும் இல்ல ரோசி, மெதுவா தெச்சிக் குடு"ன்னுவாங்க. நான் மாறிடக்கூடாதேன்னு ஒரு சீட்டை எழுதிக் குத்தி மேஜைக்குக் கீழ தள்ளிடுவேன், அதோட மறந்துடுவேன். கம்பெனியில அவசரமில்லாத வேலைன்னு ஒண்ணை நான் பாத்ததே இல்லையே. வேலைன்னா பக்கத்துல ஒருத்தங்க வாட்ச்சைப் பாத்துக்கினு நிக்கணும். அதில்லாதது என் புத்திக்கு வேலைன்னே படல.

மேடம் முந்தானைய இடுப்புல சொருவிக்கினு ஒவ்வொரு பையா வெளிய இழுத்தாங்க. சீட்டை உரக்கப் படிச்சாங்க. அமுதாக்காவுக்கு மழைக்குப் போத்திக்க ரெண்டு சேலைப் போர்வை. பால்வாடி டீச்சருக்கு கொழந்தைங்க உக்கார மெத்தை. பெரியூட்டம்மா மருமவ வளைகாப்புக்கு வர்றவங்களுக்குக் குடுக்க துணிப்பை. மாசமா இருக்கற முருகேசன் தங்கச்சிக்குப் பச்சப்புள்ளத் துணி, ஒரு மூட்டை. மேஜை நெறைஞ்சிது, பெஞ்சி நெறைஞ்சிது, நான் உக்கார்ற நாற்காலியும் நெறைஞ்சிது. அதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்ச டேவிட்டும் நனைஞ்சிக்கினே வந்து வாசல்ல நின்னுட்டாரு. உள்ள கால் வெக்க எடமில்ல. அவரு பாத்துக்கினே இருக்காரு, சிரிக்கறாரு. நான் மட்டும் தப்பு பண்ணி மாட்டிக்கினவளாட்டம் தலை குனிஞ்சி நிக்கறேன். பதினோரு வருஷமாக் கேட்ட அதே கொரலு, அதே சத்தம், டயர் கடைவரைக்கும் கேட்டிருக்கும்: "இவ்ளோ பெண்டிங்க வெச்சிக்கினு நீ எங்கடி என் லைனுக்கு வர்ற? உறையக் கழட்டிட்டு உக்காந்து தெய்யி."

எந்தத் திட்டுக்குப் பயந்து பதினோரு வருஷம் தலைய நிமிர்த்தாம தெச்சேனோ, அந்தத் திட்டை வாங்கினப்புறம்தான் நான் மொதலாளின்னு எனக்கே தெரிஞ்சிது.